வெட்டி எறியப்பட்ட ரெகே

அனுமதி வாங்காமல் நகலெடுத்தவனைத் திருடன்னு சொல்வது சுலபம். ஆவணக் காப்பகம்னா அரசுக் கட்டிடம், கண்ணாடி அலமாரி, முத்திரை குத்திய சீட்டு என்று பழகிப்போன மூளைக்கு அப்படித்தான் படும். பேட் பிரைன்ஸ் என்ற கறுப்பர் பங்க் ராக் குழுவின் பழைய மேடைப் பதிவுகளை ரசிகர்களே திரட்டி, கைமாறிக் கைமாறி வந்த மூன்று வீடியோ தொகுப்புகளைப் பார்த்தேன். அந்தத் 'திருடர்'களுக்கு ஆதரவாகவும் பேசவேண்டியிருக்கிறது, அவர்களோடு சண்டையும் போட வேண்டியிருக்கிறது.

வாஷிங்டனில் 1970களின் நடுவில் மைண்ட் பவர் என்ற பெயரில் ஜாஸ் கலந்த இசை வாசித்துக்கொண்டிருந்த நாலு கறுப்பு இளைஞர்கள் இவர்கள். ராமோன்ஸ் குழுவின் பாட்டொன்றிலிருந்து புதுப்பெயரை எடுத்துக்கொண்டு, வெள்ளைப் பையன்களின் சொத்துன்னு நினைக்கப்பட்ட பங்க்கை அவர்களைவிட வேகமாக வாசித்துக் காட்டினார்கள். ஊரிலிருந்த கிளப்புகள் கதவைச் சாத்தின. அந்தத் தடையையே பாட்டாக்கிவிட்டு நியூயார்க் போனார்கள். 1982இல் வந்த முதல் ஆல்பத்தை ரோயர் நிறுவனம் வெறும் கேசட்டாகத்தான் வெளியிட்டது. டி.வி. இவர்களைத் தேடி வருமா? 1981இல் தொடங்கிய எம்.டி.வி.யில் கறுப்புக் கலைஞர்கள் ஏன் இத்தனை குறைவு என்று 1983இல் அந்த நிலையத்தின் பேட்டியிலேயே டேவிட் போவி கேட்டார். கேட்க ஒரு வெள்ளை நட்சத்திரம் வேண்டியிருந்தது, அது வேறு கதை.

ஆகவே, கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் இடிபட்டு நின்றவன் எடுத்ததுதான் மிச்சம். வி.எச்.எஸ். டேப்பை ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் படம் கொஞ்சம் சாகிறது. நிறம் கோட்டைத் தாண்டி வழிகிறது, முகம் கரைகிறது, திரையின் அடியில் வெள்ளைக் கீற்று நடுங்குகிறது. நான் பார்த்த ஒரு தொகுப்பில் பாடகர் எச்.ஆர். பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடுகிறார். தெரிவது ஒரு கறுப்புப் புகைச்சுழல் மட்டும். சத்தத்தில் தாழ்ந்த ஸ்தாயி செத்து, டாரில் ஜெனிஃபரின் பேஸ் வெறும் உறுமலாக வருகிறது. இதைக் குறைன்னு சொல்லமாட்டேன். எத்தனை கை பட்டு வந்தது என்பதற்கு அந்தக் கீறல்தான் சாட்சி. கணினியில் போட்டு இதைத் துடைத்துப் பளபளப்பாக்குகிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

சண்டைக்கு வருகிறேன். ராஸ்தஃபாரி நெறியை ஏற்றுக்கொண்டவர்கள் இவர்கள். மேடையில் ஓரிரு நிமிஷத்தில் முடிகிற வெறிவேகப் பாட்டு நாலைந்து போனதும், சட்டென்று மெதுவாகி ரெகே வாசிப்பார்கள். மோதிக் குதித்த கூட்டம் என்ன செய்றதுன்னு தெரியாம நிற்கும். அந்த இடத்தில்தான் இவர்கள் யாரென்று தெரியும். என் கையிலிருக்கும் மூன்றில் இரண்டு, ரெகேயை மொத்தமாக வெட்டிவிட்டன. வேகம், வேகம், மறுபடி வேகம். ரசிகன் தனக்கு வேண்டிய உடம்பை மட்டும் எடுத்துக்கொண்டான்; ஜமைக்காவையும் ஜெபத்தையும் அந்த உடம்போடு ஒட்டவிடவில்லை. கறுப்பனின் ஆட்டம் வேண்டும், அவன் நம்பிக்கை வேண்டாமா? இந்த வெட்டு எந்த நிறுவனத்தின் கத்திரிக்கும் குறைந்ததில்லை. போதாததுக்குத் தேதி கிடையாது, ஊர் கிடையாது. படம் பிடித்தவன் பேரும் கிடையாது.

1982 டிசம்பரில் சிபிஜிபி அரங்கில் மூன்று நாள் நடந்த நிகழ்ச்சிகளின் பதிவு, 2006இல் டிவிடியாக முறைப்படி வந்தது. படம் தெளிவு, ரெகேயும் இருக்கிறது. அதற்கு இருபத்து நாலு வருஷம் ஆனது. அனுமதிக்காகக் காத்திருந்தால் அதுவரைக்கும் வாய்மொழிக் கதைதான் மிஞ்சியிருக்கும்னு டேப்காரன் சொன்னால் என்னிடம் பதில் இல்லை.

மூன்றாவது தொகுப்பு ரெகேயை முழுசாக விட்டிருக்கிறது. பாட்டுக்கு நடுவில் கம்பி முறுக்கும் நேரம், மைக் இரைச்சல் எல்லாம் அப்படியே இருக்கு. நண்பர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது இதைத்தான். ஆனாலும் இதன் உறையில் எழுதியிருக்கும் அறிமுகம் ஒரு துதி. 1982இல் டெக்சாஸின் ஆஸ்டினில், பிக் பாய்ஸ் குழுவின் பாடகர் ஓரினச்சேர்க்கையாளர் என்பதற்காகவே இவர்கள் அந்தக் குழுவோடு மோதி, பங்க் வட்டாரத்தில் பலத்த கண்டனத்துக்கு ஆளானதை அதில் காணோம். ஒதுக்கப்பட்டவர்கள் இன்னொருவரை ஒதுக்கிய அந்தக் கதையையும் அதே உறையில் எழுதியிருக்க வேண்டும். இரண்டு வரி போதும், இடம் தாராளமாக இருக்கிறது.