கம்புளின் குரல்

ஐங்குறுநூற்று மருதத்தில் எண்பத்தைந்தாம் செய்யுளைப் பயிலும்போது, கம்புள் என்பதற்கு 'ஒரு நீர்ப்பறவை' என்று குறித்துக்கொண்டு நாம் அப்பாற் சென்றுவிடுகின்றோம். ஓரம்போகியார் அவ்வாறு சென்றவரல்லர். பறவையின் நெற்றி வெண்மையையும் பேடையின் அரிக்குரலையும் விதந்து கூறிய பின்னரே, சிறுவரைப்போல் நடக்கும் ஊரனைக் கண்டோர் நகையாரோ என்னும் வினாவுக்கு அவர் வருகின்றார். ஆதலின் அப்பறவை யாது என்பது செய்யுளின் பொருளைத் தொட்ட வினாவேயாகும்.

கம்புளைச் சம்பங்கோழி எனக் கொள்வது மரபு. அது நாம் கானாங்கோழி என வழங்கும் பறவையே என்பது என் துணிபு. முகமும் மார்பும் தூய வெண்மை, முதுகு கருஞ்சாம்பல், குறுவாலை நிமிர்த்தி அசைக்குந்தோறும் அதன் அடியிற் செம்மை தோன்றும். நெற்றி மட்டும் வெளுத்த நாமக்கோழியே கம்புள் என வாதிடுவோர்க்கு 'வெண்ணுதல்' வலுவான சான்று. கிளையோடு ஒலித்தலும் கூட்டமாய் வாழும் அதற்கே பொருந்துவதுபோற் தோன்றும். இத்தடையை எளிதில் தள்ளிவிட இயலாது. எனினும் நாமக்கோழி பெரும்பாலும் திறந்த குளநீரில் மிதப்பது. மதுரைக்காஞ்சியிலோ வலைஞர் வள்ளைக்கொடியை விலக்கக் கம்புட்சேவல் துயில் கலைகின்றது. செடிமறைவில் ஒடுங்குதல் கானாங்கோழியின் இயல்பு.

இனிக் குரலை நோக்குவோம். வண்ணாத்திவில்லுவில் மாரிகால இரவொன்றைக் கழித்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மேற்கே புத்தளக் களப்பும், வடக்கே கலா ஓயாவுக்கப்பால் வில்பத்துக் காடுமாக அமைந்த அவ்வூரில், என் அம்மம்மாவின் வீட்டுப் பின்புறத் தாழ்நிலத்தில் மழைநீர் தேங்கியதும் அது தொடங்கும். முதலில் தொண்டைக்குள் ஓர் உறுமல். பின்னர் 'குர்-குவாக்-குவாக்' என விடாத கத்தல். ஒன்று கத்த மற்றொன்று மறுமொழி தரும், விடியும்வரை ஓயாது. ஏதோ பெருவிலங்கு என்றே சிறுவயதில் அஞ்சியிருந்தேன். காலையிற் பார்த்தால், புறாவளவான பறவையொன்று ஒன்றும் அறியாததுபோல் வேலியோரம் நடந்துகொண்டிருக்கும்!

மலைபடுகடாம், தட்டை என்னும் இசைக்கருவியின் ஓசையையும் அரிக்குரல் என்றே சொல்கின்றது. இதனை இனிய குரல் என்று கொண்டால் ஓரம்போகியாரின் செய்யுள் நலிந்துவிடும். புதருள் மறைந்திருக்கும் பறவையை ஊரறியச் செய்வது அக்குரலே. ஊரனது ஒழுக்கமும் மறைந்ததாக அவன் எண்ணுகின்றான், கண்டோரோ நகைக்கின்றனர். உள்ளுறை இங்கேதான் இருக்கின்றது.

1769 இல் தோமஸ் பெனன்ற் இலங்கைப் பறவையை முன்வைத்து இதற்கு விஞ்ஞானப் பெயரிட்டபோது செவ்வாலையே குறித்தார். 'கொரவக்கா' என்னும் சிங்களப் பெயரில் குரலே ஒலிக்கின்றது. நம் புலவர் நெற்றியையும் குரலையும் ஒருங்கே கொண்டார்.

ஆனால் பேடை என்று எவ்வாறு துணிந்தார்? இப்பறவையில் ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒத்தவை. இருளிற் கத்துவது எதுவென்று அம்மம்மாவாலும் சொல்ல இயலாது. ஊரனைக் குரலுயர்த்தி வினவுபவள் பெண் என்பதனாற் போலும்.