புல்லட்டுக்கு ஒரு கடை, பென்லிக்கு ஒரு கடை

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிதாக வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ நிறுத்தினால், கடைக்காரர் முதலில் கேட்பது லெக் கார்டு வேண்டுமா என்றுதான். அடுத்து சீட் கவர், சைடு பாக்ஸ், வட்டக் கண்ணாடி, மொபைல் ஹோல்டர் என்று வரிசையாக வரும். வண்டி ஓடத் தொடங்கும் முன்பே அதன் தோற்றம் மாறிவிடும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஹோண்டா சிடி 125 பென்லிக்குச் சாமான் தேடி வருபவர், கழற்றிய பாகத்தைக் கையோடு கொண்டுவருவார். அதே அளவில், அதே வார்ப்பில், முடிந்தால் ஜப்பான் ஒரிஜினலாக ஒன்று வேண்டும் அவருக்கு. கிடைத்தால் அன்று அவருக்குத் திருவிழா.

இந்த வேறுபாடு ரசனையால் வந்ததல்ல, வண்டிகள் வந்த வழியால் வந்தது. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் 1955-இல் கைகோத்தபின் புல்லட் சென்னை வண்டியாகிவிட்டது. இங்கிலாந்தில் உற்பத்தி நின்றபோதும் சென்னையில் நிற்கவில்லை. உதிரிப்பாகம் மலிந்த ஊரில் ஆசை அலங்காரத்தின் பக்கம் போவது இயல்பு. 2020-இல் நிறுவனமே 'மேக் இட் யுவர்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, வண்டியை முன்பதிவு செய்யும்போதே நிறத்தையும் துணைப்பொருள்களையும் தேர்ந்தெடுக்க வழி செய்தது.

இலங்கைக்கோ பழைய பாணி வண்டிகள் பெரும்பாலும் ஜப்பானில் ஓடி முடித்தபின் கப்பலேறி வந்தவை. பென்லி அப்படி வந்தது. ஜப்பான் தபால்காரர்களுக்காக ஹோண்டா செய்த எம்.டி. 90-உம் அப்படித்தான். 1990-களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் அரிதான யாழ்ப்பாணத்தில் சிறிது பெட்ரோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அங்கே வண்டியில் செய்யப்பட்ட மாற்றங்களில் மிகப் பெரியது அதுதான். அழகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியாருக்கு அது மீண்டும் திறக்க 2025 பிப்ரவரி ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் இருந்த வண்டியைக் காப்பாற்றுவதே பலருக்கும் ஒரே வழி.

சைலன்சர் விஷயத்தில் இந்திய வழக்கம் தடம் புரண்டிருக்கிறது. பழைய வார்ப்பிரும்பு இயந்திரப் புல்லட்டின் 'டுப் டுப்' ஓசைக்கு ஒரு காரணம் அதன் நீண்ட பிஸ்டன் ஓட்டம்: விட்டம் 70 மில்லிமீட்டர், ஓட்டம் 90. 2021-இல் வந்த புதிய கிளாசிக்கில் இவை 72, 85.8. ஓசை சற்று அடங்கியதும் பஞ்சாப், இந்தோரி, கோல்டு ஸ்டார் என்று வெளிச் சைலன்சர்களைத் தேடி ஓடுகிறார்கள். புதிய கிளாசிக்கில் எரிபொருள் அளவை மின்னணுக் கட்டுப்பாடு தீர்மானிக்கிறது. அதற்கு ஆக்சிஜன் சென்சார் தகவல் தருகிறது. திறந்த சைலன்சரை மாட்டினால் அந்தக் கணக்குக் கெடலாம். புகையைச் சுத்திகரிக்கும் அமைப்பும் பயனற்றுப் போகலாம். தெருவில் உறங்கும் குழந்தைக்கும் நோயாளிக்கும் இழைக்கும் கொடுமை தனி. பறிமுதல் செய்த சைலன்சர்களை விசாகப்பட்டினம் உட்படப் பல ஊர்களில் காவல்துறை ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியது நியாயமே.

சட்டமும் இதில் தெளிவு. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இலங்கையிலும் 2025 தொடக்கத்தில் போலீசார் அதிக ஒலி எழுப்பும் சைலன்சர்களையும் அனுமதியற்ற துணைப்பொருள்களையும் கழற்றச் சொல்லி வீதியில் இறங்கினார்கள்.

எளிதில் கழற்றி எறியப்படுபவை சாரி கார்டும் செயின் கவரும். பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பு வேண்டும் என்பது இந்திய விதி. பென்லியில் சங்கிலி முழுவதும் உறைக்குள் இருக்கும். கஃபே ரேஸர் தோற்றத்துக்காக இவ்விரண்டையும் அகற்றுபவர்கள், சேலையோ துப்பட்டாவோ சுற்றிக்கொள்ளாமல் தடுக்கும் ஒன்றையும், சங்கிலியை மண்ணிலிருந்து காக்கும் ஒன்றையும் சேர்த்தே இழக்கிறார்கள். பழைய வண்டியை நேசிப்பவர் செய்யக்கூடிய காரியமல்ல இது.

முகப்பு விளக்கில் இரு நாட்டாரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். 60/55 வாட் பல்புக்காக அமைந்த வயரிங்கில் 100/90 வாட் பல்பை நேராக மாட்டினால் சுவிட்சும் ஹோல்டரும் சூடேறி உருகக்கூடும். ரிலே வைத்துத் தனி வயர் இழுத்தாலும் எதிரே வருபவரின் கண் கூசும். விளக்கின் கண்ணாடியையும் கோணத்தையும் சரிசெய்தாலே பல வண்டிகளில் வெளிச்சம் போதுமானதாகிவிடும்.

செலவழிக்க வேண்டிய இடம் டயரும் பிரேக்கும். கம்பிச் சக்கர கிளாசிக்கில் டியூப் உண்டு. யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியில் இரவில் பஞ்சரானால் அதன் தொல்லை புரியும். அலாய் சக்கரத்துக்கு மாறினால் டியூப் இல்லாத டயர் போடலாம். தோற்றத்தின் பழமை கொஞ்சம் குறையும், பயணத்தின் பதற்றம் பெரிதும் குறையும். பஞ்சிகாவத்தைக்காரர் இங்கே சென்னையிடம் கற்றுக்கொள்ளலாம்: எல்லாவற்றையும் பழையபடியே வைத்திருக்கும் பிடிவாதத்தைப் பிரேக் ஷூவிலும் டயரிலும் காட்டக்கூடாது. இருபது ஆண்டு கிடந்த ஜப்பான் டயரைவிட நேற்று வந்த உள்ளூர் டயர் நல்லது.

லெக் கார்டு வாங்குபவர் பளபளப்பைப் பார்க்காமல் வெல்டிங்கைப் பார்க்க வேண்டும், வண்டியின் எந்த இடத்தில் அது பிடிக்கிறது என்றும் பார்க்க வேண்டும். நின்ற வண்டி சாய்ந்தால் காலைக் காக்கும் அதே குழாய், வேகத்தில் மோதினால் வண்டியின் சட்டகத்தையே வளைத்துவிடக்கூடும். மெரினாவுக்கும் பருத்தித்துறைக்கும் ஒரே உப்புக்காற்று என்பதால், மலிவான குரோம் பூச்சைவிடத் துருப்பிடிக்காத எஃகோ கறுப்புப் பவுடர் கோட்டிங்கோ இரண்டு ஊருக்கும் பொருந்தும்.