யாரிடம் சொல்வது? பதின்வயதுக் கதைசொல்லிகளின் கலங்கிய மனம்

பதின்வயதுக்காரர் தன் கதையைத் தானே சொல்லும் நாவல்களைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலும் ‘விடலைக் கோபம்’ என்று ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். ஜே.டி. சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் த ரை’ 1951 ஜூலையில் வெளிவந்தது. அதன் கதைசொல்லி ஹோல்டன் கால்ஃபீல்டின் மேல் இந்த முத்திரை இன்னும் இருக்கிறது. பணக்கார வீட்டுப் பிள்ளை, உலகமே போலி என்று திட்டித் தீர்க்கிறான், வயசுக் கோளாறு, வளர்ந்தால் சரியாகிவிடும். நாவலை நிதானமாகப் படிப்பவர்களுக்கு இந்த வாசிப்பு எத்தனை அநியாயம் என்று புரியும். ஹோல்டனை வாட்டுவது துக்கம்.

அவன் தம்பி ஆலி ரத்தப் புற்றுநோயில் இறந்தவன். 1946 ஜூலை 18 என்று தேதி சொல்கிறான் ஹோல்டன். தான் பெரிய பொய்யன் என்று தானே சொல்லிக்கொள்கிறவன், எதையும் மிகைப்படுத்தியே பேசுகிறவன், இந்த ஒரு தேதியை மட்டும் துல்லியமாக வைத்திருக்கிறான். அன்றிரவு கார் கொட்டகையின் கண்ணாடிகளை வெறுங்கையால் குத்தி உடைத்தான். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. கைக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்ததால் தம்பியை அடக்கம் செய்தபோது கூட இருக்கவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, டிசம்பர் குளிரில் நியூயார்க் தெருக்களில் அவன் அலையும் அந்தச் சில நாட்களுக்கு அடியில் இந்த மரணம்தான் இருக்கிறது.

அதிகம் பேசப்படாத ஓர் இடம் இந்த நாவலில் உண்டு. அறைத்தோழன் ஸ்ட்ராட்லேட்டர் தனக்காக ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்கிறான். ஓர் அறையையோ வீட்டையோ வர்ணிக்க வேண்டும், அவ்வளவுதான். ஹோல்டன் ஆலியின் பேஸ்பால் கையுறையைப் பற்றி எழுதுகிறான். மைதானத்தில் சும்மா நிற்கும் நேரத்தில் படிப்பதற்காக ஆலி அதன்மேல் பச்சை மையில் கவிதைகளை எழுதி வைத்திருந்தான். திரும்பி வந்த ஸ்ட்ராட்லேட்டர், கேட்டதை எழுதவில்லை என்று எரிந்து விழுகிறான். ஹோல்டன் அதை வாங்கிக் கிழித்துப் போடுகிறான். தன் துக்கத்தை அவன் ஒரே ஒரு முறை எழுத்தில் வைத்தான். அதைப் படித்தவனுக்கு அது வீட்டுப்பாடத்தில் ஒரு பிழை.

அதற்குப் பிறகு வருவதெல்லாம் கேட்பதற்கு ஓர் ஆளைத் தேடும் அலைச்சல். ரயிலை விட்டு இறங்கியதும் தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைந்து, யார் யாரைக் கூப்பிடலாம் என்று வெகுநேரம் யோசித்து, யாரையும் கூப்பிடாமல் வெளியே வருகிறான். சென்ட்ரல் பார்க் குளம் உறைந்துபோனால் வாத்துகள் எங்கே போகும் என்று இரண்டு டாக்ஸி டிரைவர்களிடம் கேட்கிறான். கடைசியில் ஐந்தாம் அவென்யூவில் ஒவ்வொரு தெருவைக் கடக்கும்போதும், தான் காணாமல் போய்விடாமல் பார்த்துக்கொள்ளும்படி செத்துப்போன தம்பியிடமே கெஞ்சுகிறான். இதைப் படித்த பிறகும் ‘வாய்த்துடுக்குப் பையன்’ என்று சொல்ல எப்படி மனம் வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. சாலிஞ்சர் 1944இல் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய படையில் இருந்தவர். மறு வருடம், போர் முடிந்த கையோடு, மனம் நொறுங்கி நியூரம்பெர்க்கில் மருத்துவமனையில் சேர்ந்தவர். ஹோல்டன் சொல்லும் கதையொன்று 1945 டிசம்பரிலேயே ஒரு பத்திரிகையில் வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பையனின் குரலுக்கு இத்தனை சாவு எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுவே போதுமான விளக்கம்.

இந்த வகைக் கதைகளைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, சொல்கிறவர் யாரை நோக்கிச் சொல்கிறார் என்பதைத்தான். கலங்கிய மனத்தின் நிலை அங்கேதான் பிடிபடுகிறது. தஸ்தயேவ்ஸ்கி இதை 1875இலேயே கண்டுகொண்டார். ‘பதின்வயதினன்’ நாவலின் அர்க்காதி, நிலப்பிரபு ஒருவருக்கு முறைதவறிப் பிறந்தவன். ராத்ஸ்சைல்டைப் போலப் பணம் சேர்த்து யாரையும் சாராமல் தனித்து வாழப்போவதாகக் கனவு காண்கிறவன். வாசகரே எனக்குத் தேவையில்லை, எனக்காகத்தான் எழுதுகிறேன் என்று வீராப்பாகத் தொடங்குகிறான். எழுதி முடித்ததும் கைப்பிரதியை மாஸ்கோவில் தன்னை வளர்த்தவருக்கு அனுப்பிவைக்கிறான். அவருடைய பதில் கடிதத்தோடு நாவல் முடிகிறது. அந்த வீராப்புக்கு உள்ளே இருந்த ஏக்கம் அந்தக் கடைசிப் பக்கங்களில்தான் நமக்குத் தெரியவருகிறது.

எஸ்.இ. ஹின்டன் ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலை 1967இல் வெளியிட்டபோது அவரே பதினெட்டு வயதுப் பெண். அதில் கதை சொல்லும் போனிபாய்க்குப் பதினான்கு வயது. பெற்றோர் கார் விபத்தில் போய்விட்டார்கள். நண்பன் ஜானியும் கண்ணெதிரே இறந்த பிறகு, அவன் சாகவில்லை என்று சாதிக்கிறான். ஜானி செய்த கொலையைத் தானே செய்ததாகச் சொல்கிறான். தெரிந்தே சொல்லும் பொய்யாக அது இல்லை. அந்த உண்மையைத் தாங்க அவன் மனம் மறுக்கிறது. கடைசியில் ஆங்கில ஆசிரியருக்குப் போன் செய்து, கட்டுரை எத்தனை பக்கம் இருக்கலாம் என்று கேட்கிறான். நாம் படித்துக்கொண்டிருந்த நாவலே அந்தக் கட்டுரைதான். ஸ்ட்ராட்லேட்டர் ஏற்க மறுத்ததைப் போன்ற ஒன்றை இங்கே ஓர் ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். இரண்டு பையன்களின் முடிவும் வேறுபடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

ஸ்டீஃபன் ச்பாஸ்கியின் ‘தி பெர்க்ஸ் ஆஃப் பீயிங் எ வால்ஃப்ளவர்’, லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் ‘ஸ்பீக்’ இரண்டும் 1999இல் வந்தவை. முதலாவதில் சார்லி முகம் தெரியாத ஒருவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறான். உயிருக்கு உயிராக நேசித்த அத்தையிடமிருந்தே சிறு வயதில் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமை அவன் நினைவில் புதைந்து கிடக்கிறது. கடிதங்கள் அதைச் சுற்றிச் சுற்றி வருகின்றன. இரண்டாவதில் மெலிண்டா, உயர்நிலைப் பள்ளியில் சேரும் முன் ஒரு விருந்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானவள். போலீசைக் கூப்பிட்டதற்காக ஊரே அவளை ஒதுக்குகிறது. என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. வெளியே அவள் பேச்சு குறைந்துகொண்டே போகிறது. உள்ளே கூர்மையும் எரிச்சலும் நிறைந்த பேச்சு ஓயாமல் ஓடுகிறது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையை மந்தம் என்று எழுதிவிடும் ஆசிரியர்கள் இந்த ஒரு நாவலையாவது படிக்க வேண்டும்.

சில்வியா பிளாத்தின் ‘தி பெல் ஜார்’ 1963 ஜனவரியில் லண்டனில் விக்டோரியா லூகாஸ் என்ற புனைபெயரில் வெளிவந்தது. அடுத்த மாதமே அவர் உயிரை மாய்த்துக்கொண்டதால், நாவலைத் தற்கொலைக் குறிப்பாகப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. அது நாவலுக்கு நியாயம் செய்வதாகாது. பத்தொன்பது வயது எஸ்தர் தன் நிலையை விவரித்ததும் முதல் மருத்துவர் கேட்பது, அவள் எந்தக் கல்லூரி என்பதை. பிறகு அவர் கொடுக்கும் மின்னதிர்ச்சி, ஏதோ தப்புச் செய்ததற்கான தண்டனைபோல அவளுக்குப் படுகிறது. பிறகு வரும் டாக்டர் நோலன் அவள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறார். அதே மின்னதிர்ச்சி சிகிச்சையை அவர் உடனிருந்து கொடுக்கும்போது எஸ்தருக்கு மூச்சுவிட முடிகிறது. நோயும் அதேதான், சிகிச்சையும் அதேதான். பக்கத்தில் இருக்கும் மனிதர் மாறியிருக்கிறார்.

எல்லாரும் இப்படிக் காது தேடுகிறவர்கள் என்றும் சொல்ல முடியாது. ஷெர்லி ஜாக்சனின் 1962 நாவலில் பதினெட்டு வயது மெரிகேட்டுக்கு அக்காவும் பூனையும் போதும். குடும்பத்தில் பெரும்பாலோரைச் சர்க்கரையில் ஆர்சனிக் கலந்து கொன்றவள் அவள். அவளை நேசித்தபடியே இதை நாம் தெரிந்துகொள்கிறோம் என்பதுதான் அந்த எழுத்தின் பயங்கரம்.

தமிழில் ஆதவனின் ‘என் பெயர் ராமசேஷன்’ 1980இல் வந்தது. கல்லூரி மாணவன் ராமசேஷன் எல்லாருடைய பாவனைகளையும் தோலுரிக்கிறான், தன்னுடையதையும் சேர்த்து. ஹோல்டனோடு அவனை ஒப்பிடத் தோன்றினாலும், ஹோல்டனைக் குடையும் அந்தச் சாவு ராமசேஷனிடம் கிடையாது. அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவலையே நான் இந்த வரிசையில் மேலாக வைப்பேன். நிஜாம் ஆட்சியின் கடைசி மாதங்கள். செகந்திராபாத்தில் சந்திரசேகரன் என்ற மாணவன். கதை ‘நான்’ என்று நடந்துகொண்டிருக்கும்போதே ‘அவன்’ என்று மாறுகிறது, மறுபடி திரும்புகிறது. ஊர் கலவரத்தில் சிதறும்போது ஒரு பையனுக்குத் தன்னையே வெளியில் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடக் கச்சிதமாகச் சொல்ல முடியாது. ஆனால் பெண்பிள்ளை ஒருத்தி தன் பதின்வயதை, மெலிண்டாவைப் போல அந்த வயதிலேயே நின்று, தன் குரலில் சொல்லும் நாவல்கள் தமிழில் இன்னும் நிறைய வரவேண்டும்.

‘தி கேட்சர் இன் த ரை’யும் 1999இன் அந்த இரண்டு நாவல்களும் அமெரிக்கப் பள்ளி நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லி மறுபடி மறுபடி புகார் வரும் புத்தகங்கள். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது காரணம். இவற்றில் இருக்கும் சாவும் வன்முறையும் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே நேர்ந்துகொண்டிருப்பவை. புத்தகத்தை எடுத்துவிட்டால், அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள் என்பது மட்டும் அவர்களுக்கு உறுதியாகிவிடும். நம் பள்ளி நூலகர்களையும் பெற்றோர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இவற்றில் ஒன்றையாவது முதலில் நீங்கள் படியுங்கள், பிறகு பிள்ளையிடம் கொடுங்கள், படித்து முடித்து அது ஏதாவது சொல்ல வந்தால், கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து கேளுங்கள்.