பழைய கிளாரினெட்டின் சுருதிக் கணக்கு

மாணவர் கைக்கு வந்துசேர்ந்த பழைய கிளாரினெட் சுருதியோடு ஒட்டவில்லை என்றால் இரண்டு தீர்ப்புகள் உடனே கிளம்பும். பிள்ளைக்குக் காது போதாது என்பது ஒன்று. கருவி மட்டம், புதிதாக வாங்கு என்பது மற்றொன்று. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். எந்தச் சுரம் விலகுகிறது, ஏறியா இறங்கியா, பக்கத்துச் சுரமும் கூடவே விலகுகிறதா என்று முதலில் கேட்க வேண்டும். ஒன்றோடொன்று முழுக்கச் சேராத பல அளவுகளைக் கைத்திறனால் இணங்க வைத்த கருவி கிளாரினெட். அந்த இணக்கம் எங்கே குலைந்தது என்பதை அபசுருதியே சொல்லிவிடும். கேட்பவருக்குத்தான் பொறுமை வேண்டும்.

இந்தக் கருவியின் அழகும் தொல்லையும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. புல்லாங்குழலில் விரலை மாற்றாமல் காற்றை இறுக்கினால் ஷட்ஜம் மேல் ஷட்ஜமாகிறது. கிளாரினெட்டோ மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்கே தாவிவிடும். அதன் உள்துளை பெரும்பாலும் உருளை வடிவம்; ரீட் உள்ள முனை மூடிய முனைபோல் நடந்துகொள்கிறது. ஆகவே அதிர்வு இரு மடங்காகாமல் மும்மடங்காகிறது. 1700ஐ ஒட்டி நூரம்பர்க்கில் இக்கருவியை உருவாக்கியவராகக் கருதப்படும் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் காலம் தொட்டு, இந்தத் தாவலைப் பிடித்து வைப்பதே கைவினைஞர்களின் பெரிய சவால். இடது கட்டைவிரல் திறக்கும் சின்னத் துளை ஒன்று தாவலுக்கு உதவுகிறது. கணக்குப்படி, ஒவ்வொரு சுரத்துக்கும் அந்தத் துளை காற்றுத்தம்பத்தின் மூன்றிலொரு பங்கு தூரத்தில் இருக்க வேண்டும்: மிகத் தாழ்ந்த சுரத்துக்குச் சுமார் 19 செ.மீ., உயர்ந்தவற்றுக்குச் சுமார் 9 செ.மீ. ஆனால் இருப்பதோ ஒரே துளை. அதுவும் தொண்டைப் பகுதியின் பி-ஃபிளாட் சுரத்துக்கும் சேர்த்து உழைக்கிறது. ஆகவே நடுவில் சில சுரங்கள் மட்டும் அச்சாகச் சேரும். இரு ஓரங்களிலும் பஞ்சமம் சற்று ஏறியே நிற்கும். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் பஃபே கிராம்போன் நிறுவனத்தில் ராபர்ட் கரே வடிவமைத்த ஆர்13 கிளாரினெட் இந்த ஏற்றத்தை அடக்கிய விதம் வியக்க வைப்பது. ஒரே விட்டம் போலத் தோன்றும் உள்துளையில் மில்லிமீட்டரின் சிறு பின்னங்களாக மாறும் விட்டங்களை வைத்தார். கண்ணுக்குப் பிடிபடாத அந்த வேறுபாடு காதுக்குப் பிடிபடுகிறது.

இவ்வளவு நுட்பமாகச் சமன்செய்த குழலில் வேறு மவுத்பீஸைச் செருகினால் என்ன ஆகும்? பழைய கருவிகளில் முதலில் தொலைவதும் உடைவதும் அதுதான். கிடைத்ததை மாட்டித்தான் விற்கிறார்கள். அதன் உள்ளறை பெரிதானால் எல்லாச் சுரமும் இறங்கும், ஆனால் ஒரே அளவில் இறங்காது. மவுத்பீஸுக்கு அடுத்த பேரலை இழுத்துச் சரிசெய்யும்போதும் இதே கதைதான். எந்தத் துளையையும் மூடாமல் ஊதும் ஜி சுரத்தின் காற்றுத்தம்பம் சுமார் 25 செ.மீ.; கடைசித் துளைவரை மூடிய ஈ சுரத்தினுடையது சுமார் 58 செ.மீ. பேரலை 1 மி.மீ. இழுத்தால் முன்னது சுமார் 7 சென்ட் இறங்கும், பின்னது 3 சென்ட்தான். அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். ஒரு சுரத்தைச் சேர்க்கப் போய் இன்னொன்றை இழப்பது இப்படித்தான். எச்.பி. (ஹை பிட்ச், உயர்சுருதி) என்று முத்திரை குத்திய மிகப் பழைய கருவிகளில் இது உச்சத்துக்குப் போகிறது. பிரிட்டனில் ராணுவ பேண்டுகள் நெடுங்காலம் பின்பற்றிய உயர்சுருதியில் ஏ சுரம் சுமார் 452 ஹெர்ட்ஸ். இன்றைய 440ஐவிட ஏறத்தாழ அரைச்சுரத்தில் பாதி கூடுதல். அதை இன்றைய சுருதிக்கு இறக்க, ஜி சுரத்துக்கு 7 மி.மீ. இழுத்தால் போதும், ஈ சுரத்துக்கு 16 மி.மீ. இழுக்க வேண்டும். எந்தப் பேரலாலும் இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற முடியாது. இதனால் அக்கருவி வீண் என்று முடிவுகட்டவும் கூடாது. தன்னளவில் அது ஒழுங்காகவே இருக்கிறது. மேற்கத்திய இசைக்குழுவில் அதற்கு இடமில்லை. ஆனால் சுருதிப்பெட்டியைக் கருவிக்கு ஏற்றபடி வைக்கும் கர்நாடகக் கச்சேரியில் தாராளமாக ஒலிக்கும்.

ஒன்றிரண்டு சுரம் மட்டும் தனியாக இறங்கி, குரலும் கம்மியிருந்தால் குற்றம் அருகிலேயே இருக்கும். அந்தத் துளையை மூடும் பேட் போதிய உயரம் எழவில்லை, அல்லது துளைக்குள் அழுக்கு படிந்து வாய் சுருங்கிவிட்டது. நல்ல கருவியில் துளைகளின் உள்விளிம்பைச் சற்றே சாய்வாகச் செதுக்கியிருப்பார்கள். வாங்குபவர் எட்டிக்கூடப் பார்க்காத அந்த மறைவிடத்தில்தான் ஒரு பட்டறையின் நேர்மை தெரியும் என்பேன்.

நல்ல வித்வான் எல்லாவற்றையும் உதட்டாலேயே சரிக்கட்டிவிடுவார் என்பது வலுவான மறுப்பு. உண்மைதான். திருச்சி ஏ.கே.சி. நடராஜன் நாகஸ்வர பாணியின் குழைவை இந்தச் சாவிக் குழலில் கொண்டுவந்தார். 2008இல் சங்கீத கலாநிதியும் ஆனார். ஆனால் அவர் உதடு பல்லாண்டுச் சாதகத்தின் விளைச்சல். உதட்டைத் தளர்த்திச் சுரத்தை இறக்க இடமுண்டு. இறுக்கி ஏற்ற இடம் மிகக் குறைவு. இறங்கிய கருவியை ஏற்ற முயலும் மாணவர் ரீடைக் கடிக்கப் பழகுகிறார், நாதம் மெலிகிறது. பிறகு நல்ல கருவி கிடைத்தாலும் அந்தப் பழக்கம் விடுவதில்லை. கைபேசியில் டியூனர் செயலி இருக்கிறதே என்று கேட்கலாம். அது உதவும், ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானாலே சுருதி சுமார் 3 சென்ட் ஏறும். கருவியை ஊதிச் சூடாக்கிய பிறகு, ஒரே மூச்சுவலுவில், தாழ்சுரத்தையும் அதன் மேல் பஞ்சமத்தையும் ஜோடியாகச் சோதித்தால்தான் அந்த முள் காட்டுவதற்குப் பொருள் உண்டு.

பழுது பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் பொருத்தமான மவுத்பீஸும் நல்ல ரீடும். பிறகு ஒவ்வொரு பாகத்தின் துளைகளையும் விரலாலும் ஒரு முனையை உள்ளங்கையாலும் மூடி, மறுமுனையில் காற்றை உறிஞ்சி, கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது. அடுத்து பேட் உயரம், துளைச் சுத்தம். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சுரம் ஏறியே நின்றால், துளையின் மேல்விளிம்பில் மெல்லிய டேப் ஒட்டி இறக்கிப் பார்க்கலாம், பிடிக்கவில்லையென்றால் உரித்துவிடலாம். அரத்தை எடுத்து மரத்தைச் சுரண்ட யாராவது முன்வந்தால், கருவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.