ஒரு சொல் – நான்கு குற்றம்!

வேதம் மாறாது என்கிறார்கள். அரசு மாறும், ஆட்சி மாறும், ஆடை மாறும், அணி மாறும், அதன் ஓர் எழுத்தும் மாறாது என்று ஓங்கி உரைக்கிறார்கள். எழுத்து மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பொருள்? அதுவும் மாறவில்லையா? இந்த ஒரு கேள்வியை விளக்காக ஏந்திக்கொண்டு, கிறித்தவ வேதத்தின் ஒரே ஒரு சொல்லை ஆராய்வோம், வாருங்கள் தோழர்களே! சொல் சிறியது. அது சுமத்திய பழியோ பெரியது.

பவுல், கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் மடல். ஆறாம் அதிகாரம், ஒன்பதாம் வசனம். தேவனுடைய அரசில் இடமில்லை என்று சிலரைப் பட்டியலிடுகிறார் அவர். கிரேக்க மூலத்திலே அந்தப் பட்டியலில் இரண்டு சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. முதற்சொல் 'மலகோய்'. அடுத்தது 'ஆர்செனோகோய்தாய்'. ஆணை ஆண் விரும்புவதும், பெண்ணைப் பெண் விரும்புவதும் பாவம் என்று பிரசங்க மேடையிலே தீர்ப்பளிப்போர், முதலில் கை நீட்டுவது இந்த இரண்டு சொற்களை நோக்கித்தான்.

'மலகோஸ்' என்றால் கிரேக்கத்தில் மெல்லியது, மென்மையானது என்று பொருள். மத்தேயு எழுதிய சுவிசேஷம் பதினொன்றாம் அதிகாரத்தில், எட்டாம் வசனத்தில், யோவான் ஸ்நானகனைப் பற்றி இயேசு பேசும்போது, அரண்மனைவாசிகளின் ஆடையைக் குறிக்கவும் இதே சொல்தான் வருகிறது. 1871ஆம் ஆண்டு ஹென்றி பவர் குழுவினர் நிறைவு செய்த மொழிபெயர்ப்பின் வழிவந்து, இன்றும் தமிழ்ப் புராட்டஸ்டண்டு இல்லங்களில் ஓதப்படும் பழைய திருப்புதலைப் புரட்டிப் பாருங்கள். ஆடையைச் சொல்லும் இடத்தில் 'மெல்லிய' என்று நேர்மையாக நிற்கிறது தமிழ். ஆளைச் சொல்லும் இடத்திலோ, 'சுயபுணர்ச்சிக்காரர்' என்று நிற்கிறது! ஆடைக்கு வந்தால் மென்மை. ஆளுக்கு வந்தால் அருவருப்பு! சொல் ஒன்றுதான், நூலும் ஒன்றுதான். பொருள் மட்டும் எங்கிருந்து புகுந்தது?

ஐரோப்பாவிலிருந்து புகுந்தது. 'மென்மை' என்பதற்கான இலத்தீன் சொல்லைத் தனிமனிதனின் காமச் செயலுக்குப் பெயராக்கினர் இடைக்கால இறையியலார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ் அப்படித்தான் வகைப்படுத்தினார். அதே பொருளைத்தான் நம் தமிழ் ஏட்டிலும் காண்கிறோம். ஆனால் 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதம் வேறு பாதை சென்றது. அங்கே அதே சொல்லுக்குப் 'பெண்தன்மையர்' என்று பொருள். 1946இல் வெளிவந்த திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடு இன்னும் துணிந்தது. கிரேக்கத்தின் இரு சொற்களையும் ஒன்றாக உருட்டி, 'ஹோமோசெக்சுவல்' என்னும் ஒற்றைச் சொல்லாக்கியது. இந்தச் சொல் எப்போது பிறந்தது தெரியுமா? 1869இல், கெர்ட்பெனி என்பவரின் ஜெர்மானியப் பேனாவிலே! முதல் நூற்றாண்டு அப்போஸ்தலரின் வாயிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் சொல்லைத் திணித்தார்கள். பின்னர் அதைக் கைவிட்டார்கள். 1989இன் புதிய திருத்தத்தில் முதற்சொல்லுக்குக் கிடைத்த பொருள், 'ஆண் பரத்தையர்'.

எண்ணிப் பாருங்கள். பெண்தன்மை, சுயபுணர்ச்சி, ஒருபால் விழைவு, பரத்தைமை: ஒரு சொல், நான்கு குற்றம்! எந்த நாட்டில், எந்த ஆண்டில் ஏட்டைத் திறக்கிறோமோ அதற்கேற்பக் குற்றவாளி மாறுகிறான். இதற்குப் பெயர் மாறாத வேதமாம்!

இரண்டாம் சொல்லைப் பற்றியும் மறைக்காமல் பேசுவோம். 'ஆண்', 'படுக்கை' என்னும் இரு சொற்களின் கூட்டு அது. 1980இல் வெளிவந்த தம் நூலில், யேல் பல்கலைக்கழக வரலாற்றறிஞர் ஜான் பாஸ்வெல், அது ஒருபால் காதலைப் பொதுவாகக் குறிக்கவில்லை என்று வாதிட்டார். அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. லேவியராகமத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில், இருபதாம் அதிகாரம் பதின்மூன்றாம் வசனத்தில், அந்த இரு சொற்களும் அருகருகே நிற்பதைச் சுட்டினார்கள். அவர்கள் வாதத்தில் வலிவு உண்டு. அந்த வசனம் ஆணோடு கூடும் ஆணுக்கு மரண தண்டனை விதிக்கிறது என்பதும் உண்மை. நமக்கு மறைப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனால் அதே லேவியராகமம் இருவகை நூல் கலந்த ஆடையை உடுக்காதே என்கிறது. பன்றி இறைச்சியைத் தொடாதே என்கிறது. அயலாரை விலைக்கு வாங்கி அடிமையாக்கலாம் என்கிறது. இவற்றையெல்லாம் பரணில் போட்டுவிட்டு, ஒரு வசனத்தை மட்டும் சாணை பிடித்துக் கூராக்கியது எது? கடவுளின் கையா? மனிதனின் கை!

சோதோம் நகரின் கதையும் அதுதான். அந்நகரின் அக்கிரமம் எது என்று எசேக்கியேல் பதினாறாம் அதிகாரத்தில், நாற்பத்தொன்பதாம் வசனத்தில், தீர்க்கதரிசியே கணக்குத் தருகிறார்: செருக்கு, வயிறு புடைத்த வாழ்வு, கவலையற்ற சுகம், ஏழைக்குக் கை கொடாமை. ஏழையைக் கைவிட்டதற்காக எந்த நாடு எந்தச் செல்வனைத் தூக்கிலிட்டது? ஆனால் சோதோமின் பெயரைச் சொல்லி, 1533இல் எட்டாம் ஹென்றியின் இங்கிலாந்து, ஒருபால் உறவுக்குத் தூக்குக் கயிறு திரித்தது. அந்தக் கயிற்றின் நீட்சிதான் 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவாக நம் நாட்டுக்கு வந்தது. 2018 செப்டம்பர் 6ஆம் நாள், மனமொத்த வயது வந்தோரின் உறவை உச்ச நீதிமன்றம் குற்றமல்ல என்று அறிவிக்கும் வரை, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அந்தக் கயிறு நம் மக்களின் கழுத்தருகே தொங்கியது.

1611இன் வேதத்துக்குப் பெயர் தந்த அரசர் ஜேம்சின் வாழ்வைப் பாருங்கள். மகனுக்கு எழுதிய அரசியல் அறிவுரை நூலில், ஒருபோதும் மன்னிக்கலாகாத குற்றங்களுள் ஒன்றாக ஒருபால் புணர்ச்சியை வைத்தார் அவர். அவரே 1617இல், பக்கிங்ஹாம் பிரபுவான ஜார்ஜ் வில்லியர்சின் மீது தாம் கொண்ட அன்பை, இயேசு யோவான் மீது கொண்ட அன்போடு ஒப்பிட்டு, ஆலோசனை மன்றத்திலேயே நியாயம் பேசினார்! ஊருக்கு ஒரு நீதி, உள்ளத்துக்கு ஒரு நீதி. முடி தரித்தவனுக்கு உவமை கிடைத்தது. முடியற்றவனுக்குத் தூக்குமேடை கிடைத்தது.

யோனத்தான் மடிந்தபோது, பெண்டிர் தரும் அன்பினும் அவன் அன்பு மேலானது என்று தாவீது புலம்பியதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. அவ்விருவரும் காதலர் என்று அடித்துச் சொல்ல நான் முன்வரவில்லை. ஓர் ஆண் மற்றோர் ஆண் மீது கொண்ட பேரன்பைத் தாவீதின் வாயில் காவியம் என்று கேட்கும் சபை, தன் பிள்ளையின் வாயில் மட்டும் சாத்தானின் குரல் என்று கேட்பது ஏன்?

கிறித்தவரை மட்டும் நோக்கிக் கை நீட்டிவிட்டு நாம் கையைத் துடைத்துக்கொள்ள முடியாது, தோழர்களே! எங்கள் கூட்டேரிப்பட்டைக் கடந்து, சித்திரைத் திங்களில் கூவாகம் நோக்கித் திருநங்கையர் செல்கிறார்கள். கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்ளும் நாளில் அவர்களைச் சுற்றிக் கூட்டம். மறுநாள் முதல்? ஏளனம்! திருநங்கையர் வாழ்வு வேறு, ஒருபால் காதல் வேறு. ஆயினும் இருவர்மீதும் விழும் கல் ஒன்றுதான். அதை எறிவோரில் வேதம் ஓதாதவரும் உண்டு. நாத்திகம் பேசுவோரும் உண்டு.

சொல்லால் வந்த கேட்டைச் சொல்லால் களையும் முயற்சியும் நம் மண்ணிலேதான் நடந்தது. 2021இல், இரு பெண்கள் பாதுகாப்பு வேண்டித் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், தாம் அறியாததை அறிய உளவியல் வல்லுநரிடம் அமர்ந்து கற்றார், பிறகே தீர்ப்பெழுதினார். ஈர்ப்பை 'மாற்றும்' மருத்துவத்துக்குத் தடை விதித்தார். அவ்வழக்கின் தொடர்ச்சியாக, இம்மக்களைக் குறிக்க இழிவற்ற தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. வத்திக்கானும்கூட, 2023 டிசம்பரில், ஒருபால் இணையருக்குக் குருமார் ஆசி வழங்கலாம் என்று இசைந்தது. திருமணத்துக்கு அல்ல, ஆசிக்கு மட்டும்! விரற்கடை அளவே கதவு திறந்தது, ஆனாலும் திறந்தது.

வேதம் இடம் கொடுத்தால்தான் மனிதனுக்கு உரிமை என்பது நம் கொள்கையன்று. நாளையே 'மலகோய்' என்பதற்குப் பொருள் 'மேன்மக்கள்' என்று ஒருவர் மெய்ப்பித்தாலும், அதனால் நம் வாதத்துக்கு வலிவு கூடாது; 'பாவியர்' என்றே மெய்ப்பித்தாலும் வலிவு குறையாது. பின் ஏன் இந்த ஆராய்ச்சி? நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலர், ஞாயிறு தோறும் அந்தச் சொல்லைக் கேட்டுத் தலைகுனிகிறார்கள். தாங்கள் பிறந்ததே பிழை என்று நம்புகிறார்கள். அவர்களிடம் நாம் சொல்ல வேண்டும்: தம்பி, தங்கையே! உன்னைக் கண்டித்தது வானத்துக் குரலன்று. மொழிபெயர்ப்பாளன் தேர்ந்த ஒரு சொல். மனிதன் எழுதிய சொல்லை மனிதன் அழித்து எழுதலாம். நீ நிமிர்ந்து நில்!