அச்சிலிருந்து விழுந்தபடியே

ஈயத்தை வீட்டிலேயே உருக்கி ரைபிள் குண்டு வார்க்கும் அமெரிக்கர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று: அச்சிலிருந்து விழுந்த குண்டை அப்படியே சுடுவதா, எஃகு வளையத்துக்குள் அழுத்தி அளவாக்கிய பிறகா?

வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. அதில்தான் எல்லாமே இருக்கிறது. 0.308 அங்குலக் குழலுக்கு 0.309 அல்லது 0.310 அங்குலக் குண்டு வேண்டும். குண்டு மெலிந்துபோனால் வெடிவாயு ஓரமாகப் பீறிட்டு ஈயத்தை அரிக்கும், அரிந்த ஈயம் குழலுக்குள் அப்பிவிடும். பிறகு குறி ஏது? அளவாக்கும் வளையம் குறைக்கத்தான் செய்யும், கூட்டாது.

ஆகவே என் கட்சி இது: அச்சு சரியான பருமனில் வார்த்தால், மசகு பூசுவதோடு நிறுத்திவிடுங்கள். அழுத்தும்போது மயிரிழை சாய்ந்தாலும் ஒரு பக்கம் கூடுதலாக வழிக்கப்படும். குண்டு சுழன்று பறக்கையில் தடுமாறும்.

வளையத்தில் அழுத்தாத நல்ல வார்ப்பின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளிபோல் மினுங்கும் தட்டையான வட்டம், எங்கும் மழுங்காத விளிம்பு. குழல் செய்வதில் பேர்பெற்ற ஹாரி போப் (1861–1950) குண்டைக் குழலின் வாய்ப்பக்கமிருந்தே உள்ளே தள்ளச் செய்தது இந்த விளிம்பைக் காக்கத்தான். அப்படித் தள்ளினால் பிதுங்கும் ஈயப் பிசிறு அடிவிளிம்பில் தொங்காது.