குழாயடியில் பிறந்த கலை

கலை மக்களுக்காகவே என்று முழங்குவது எளிது; மக்களோடு அமர்ந்து அதனைப் படைப்பது அரிது. அம்முழக்கத்தை உரசிப் பார்க்க ஓர் உரைகல் வேண்டுமெனில், சத்தீஸ்கர் மாநிலத்துப் பஸ்தர் பகுதியிலுள்ள கொண்டகாவ்ன் என்னும் ஊரை நாம் நோக்க வேண்டும்.

மும்பைக் கலைஞர் நவ்ஜோத் அல்தாஃப், 1949இல் மீரட்டில் பிறந்தவர். 1970களில் இடதுசாரிச் சார்போடு சுவரொட்டிகள் படைத்தவர். 1990களின் பிற்பகுதியில் கொண்டகாவ்ன் சென்று, அவ்வூர்க் கலைஞர்களான ராஜ்குமார், சாந்திபாய், கெசுராம் ஆகியோருடன் இணைந்து பணியாற்றலானார். அக்கூட்டுழைப்பின் விளைவுகளுள் ஒன்றே 'நல்பார்' என வழங்கும் குழாயடிகள்.

அடிகுழாய் பதிப்பதோடு அரசின் கடமை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. சிந்திய நீர் சேறாகத் தேங்குவதும், நிறைகுடத்தைத் தனியே தலைக்கு ஏற்றும் பெண்ணின் சிரமமும் கணக்கில் வருவதில்லை. நல்பாரில் நீர் வடிய வழி உண்டு. குடத்தைத் தலைக்கு ஏற்றுமுன் தாங்கிவைக்க இடம் உண்டு. சுற்றுச்சுவரில் அம்மண்ணுக்குரிய வடிவங்கள் உண்டு. புழங்குவோரைக் கலந்தே அவை உருவாயின.

இது பொறியாளர் பணியன்றோ, கலையாவது எங்ஙனம் என்று வினவுவோர் உளர். பொறியாளர் தருவது நீர். பெண்களும் சிறுவரும் கூடிப் பேச ஊரில் அமைந்த சில இடங்களுள் குழாயடியும் ஒன்று என்பதைக் கண்டு, அக்கூடலுக்கு உருவம் தந்தது கலை. பயனும் அழகும் இங்கே பகையல்ல.

எனினும் ஒன்றை நாம் மறைத்தலாகாது. கிராண்ட் கெஸ்டர் 2011இல் வெளியிட்ட நூல் இம்முயற்சியை உலக விமர்சன அரங்கில் விவாதப் பொருளாக்கியது. நவ்ஜோத் தம் தோழர்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். ஆயினும் தொலைவிலிருந்து படிப்போர் நெஞ்சில் முதலில் நிலைப்பது நகரத்தவர் பெயரே. கூட்டுழைப்பு என்ற சொல்லால் இந்த ஏற்றத்தாழ்வு தானே நீங்கிவிடாது. அதற்கு ஆண்டுக்கணக்கான உடனுறைவு வேண்டும். ஒரே நாளில் சுவரோவியம் தீட்டி, படம் பிடித்துத் திரும்பும் திட்டங்களிலிருந்து கொண்டகாவ்ன் வேறுபடுவது இவ்விடத்திலேதான்.

ஆகவே இத்தகைய கலையை அளக்க நாம் கேட்கவேண்டியது, கண்காட்சியில் அது எவ்வாறு தோன்றியது என்பதன்று. கலைஞர் ஊர் திரும்பிய பின்னர் அந்தக் குழாயடியைத் தம்முடையதெனக் கழுவிப் பேணுவோர் உண்டா என்பதே.